பூஞ்சணத்திலிருந்து குளிசை வரை

நோயை வெல்லும் மருந்தொன்றைக் கண்டுபிடித்தவரே அம்மருந்தின் தவறான உபயோகத்தைப் பற்றி உலகை எச்சரித்தமை மருத்துவ வரலாற்றிலே கருதத்தக்கதொரு செய்தியாகும். எச்சரித்தவர் சேர் அலெக்சாந்தர் பிளெமிங்; மருந்து பெனிசிலின்.

1928ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம், இலண்டன் மாநகரின் சென் மேரிஸ் வைத்தியசாலை ஆய்வுகூடத்திலே, பக்டீரியாக்களை வளர்த்த கண்ணாடித் தட்டொன்றிற் பூஞ்சணம் படிந்திருந்தது. அதனைச் சூழ்ந்த இடத்திற் பக்டீரியாக்கள் அழிந்திருப்பதைப் பிளெமிங் கண்டார். ஆயினும், அழிக்கும் அப்பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தல் அவருக்குக் கைகூடவில்லை. அப்பணியை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலே புளோரி, செயின் என்னும் அறிஞரும் அவர்தங் குழுவினரும் நிறைவேற்றினர்.

1941 பெப்ரவரியில், கிருமி தொற்றி முகமெங்குஞ் சீழ்கொண்டு வருந்திய பொலிசுக்காரர் ஒருவருக்கு அம்மருந்து ஊசிமூலம் ஏற்றப்பட்டது. சுரம் தணிந்தது, உணவில் விருப்பம் உண்டாயிற்று. ஆனால் ஐந்து நாளிற் கையிருப்புத் தீர்ந்தது. அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தை மீட்டெடுத்தும் போதவில்லை. அடங்கிய நோய் மீண்டுந் தலைதூக்க, மார்ச் மாதத்தில் அவர் உயிர்நீத்தார். நோயின் குறி தணிதல் வேறு, நோய் தீர்தல் வேறு என்பதற்கு அவர் முடிவே சான்றாயிற்று.

அக்காலப் பெனிசிலின் இரைப்பையின் அமிலத்தாற் சிதைவது. ஆதலின் பெரும்பாலும் ஊசியாகவே ஏற்றப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் ஒஸ்திரிய நாட்டிலே, அமிலத்தைத் தாங்கவல்ல ‘பெனிசிலின் வி’ உருவாயிற்று. 1972இல் அமொக்சிசிலின் வழக்குக்கு வந்தது. வளர்ந்தோருக்குக் குளிசையாகவும் குழந்தைகளுக்குப் பாணியாகவும் மருந்து வீட்டினுள்ளே புகுந்தது. வைத்தியர் கையிலிருந்த பொறுப்பிற் பாதி நோயாளி கைக்கு மாறிற்று.

இந்நிலையைப் பிளெமிங் முன்னரே உணர்ந்திருந்தார். 1945இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலே அவர் ஒரு கற்பனைக் கதை கூறினார். தொண்டை நோவுற்ற ஒருவர் தாமாகவே பெனிசிலினை வாங்கிக் குறைந்த அளவிற் பயன்படுத்துகிறார். கிருமிகள் மாளவில்லை, மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்கின்றன. அவை மனைவியைத் தொற்ற, அம்மருந்தாற் பயனின்றி அவள் இறக்கிறாள்.

கதை மெய்யாயிற்று. மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களே நேரடிக் காரணமாக, 2019இல் மாத்திரம் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனரென ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர்.

ஆகவே, வைத்தியர் குறித்த அளவில், குறித்த வேளையில், குறித்த நாள்வரை மருந்தை உட்கொள்ளல் வேண்டும். தடிமனும் சளிச்சுரமும் வைரசுகளால் வருவன. அவற்றை இம்மருந்து தீர்க்காது. ஒருவருக்குத் தந்த குளிசையை மற்றொருவருக்குக் கொடுத்தலும், எஞ்சியதைப் பின்னொரு நோய்க்கென எடுத்துவைத்தலும் தகா. பெனிசிலின் முன்னர் ஒவ்வாதிருந்தால் அதனை வைத்தியருக்கு முதலிலேயே கூறல் வேண்டும். மருந்துண்டபின் உடல் தடித்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ தாமதியாது வைத்தியசாலையை நாடுதல் வேண்டும்.

அன்று அந்தப் பொலிசுக்காரருக்கு மருந்து போதாமையால் உயிர் போயிற்று. இன்று மருந்து போதிய அளவில் உண்டு. வேண்டுவது அதனை முறையறிந்து உண்ணும் நிதானமே.