கெல்லி கோட்டையும் துரை நிற்கும் கோயிலும்

கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையில் பயணம் செய்தவர்கள், ராயா ஆற்றை ஒட்டிய மேட்டில் நிற்கும் அந்த மாளிகையைப் பார்க்காமல் போயிருக்க முடியாது. பள்ளிச் சுற்றுலாவுக்கும் குடும்பப் பயணத்திற்கும் பெயர் பெற்ற இடம் கெல்லி கோட்டை. அதைக் கட்டியது யார் என்று கேட்டால் வில்லியம் கெல்லி ஸ்மித் என்பார்கள். அது பாதிப் பதில்தான்.

1870-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த ஸ்மித், 20 வயதில் மலாயாவுக்கு வந்தார். காடு அழிக்கும் குத்தகை வேலையில் பணம் சேர்த்து, கிந்தா வட்டாரத்தில் சுமார் 1,000 ஏக்கர் நிலம் வாங்கினார். ரப்பர் நட்டார், ஈயமும் எடுத்தார். சொந்த ஊர் நினைவாகத் தோட்டத்திற்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார்.

1915-இல் மகன் பிறந்த பின், பழைய வீட்டை ஒட்டிப் பெரிய மாளிகை ஒன்றை எழுப்பத் தொடங்கினார். அதன் வளைவுகளைப் பார்க்கும் தமிழருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் நினைவுக்கு வரலாம். இரண்டிலும் இந்தோ-சாரசெனிக் பாணியின் சாயல் உண்டு. செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து வந்தன. அவற்றோடு சென்னை மாகாணத்திலிருந்து சுமார் 70 தொழிலாளர்களும் வரவழைக்கப்பட்டதாகக் குறிப்புகள் சொல்கின்றன. கோபுரத்தில் மின்தூக்கி பொருத்தவும் துரை திட்டமிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் 1918-இன் ஸ்பானிய விஷக்காய்ச்சல் உலகையே உலுக்கியது. இங்கும் தொழிலாளர் பலர் மடிந்தனர். எஞ்சியவர்கள் துரையிடம் போய், மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டார்களாம். அவரும் இசைந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மாளிகையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் கோயில் எழுந்தது. நன்றி மறவாத அந்த மக்கள், கோயில் கூரையில் தெய்வ உருவங்களுக்குப் பக்கத்தில் துரையின் சிலையையும் வைத்தார்கள்.

மாளிகை முடியவில்லை. 1926-இல் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு ஸ்மித் இறந்தார். மனம் தளர்ந்த மனைவி ஆக்னஸ் தோட்டத்தை ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்பீல்டு நிறுவனத்திற்கு விற்றார். மாளிகையைக் காடு மூடியது. பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் காடு அகற்றப்பட்டு, கட்டடம் பழுதுபார்க்கப்பட்டு, புல்வெளியும் நடைபாதையுமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இன்று அங்கே போகிறவர்கள் படியேறுகிறார்கள், மொட்டை மாடியில் படம் எடுக்கிறார்கள், சுரங்கப்பாதைக் கதையையும் பேய்க் கதையையும் கேட்டுத் திரும்புகிறார்கள். கோயில்வரை போகிறவர்கள் எத்தனை பேர்? துரைக்குக் கோட்டையிலும் பெயர் இருக்கிறது, கோயிலிலும் சிலை இருக்கிறது. செங்கல் சுமந்தவர்களுக்கோ ‘70 பேர்’ என்ற எண்ணிக்கை மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

பத்து காஜா, கோப்பெங் வட்டாரக் குடும்பங்களில் பழைய தோட்டக் கதை தெரிந்த பெரியவர்கள் இருக்கலாம். தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்று பிள்ளைகள் இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். அடுத்த பள்ளி விடுமுறையில் கோட்டைக்குப் போகும் பெற்றோர், அந்தக் கோயிலுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லட்டும். தொப்பி போட்ட துரை ஏன் சாமிக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று பிள்ளை கேட்கும். அந்த இடத்தில் நம் வரலாற்றைச் சொல்லத் தொடங்கலாம்.