குடம், ஆரக்கால், வட்டை

இங்கிலாந்துப் பண்ணை வண்டியின் பழைய சக்கரம் ஒன்றைக் கழற்றி, வெளிப்பக்கம் மேலே தெரியும்படி தரையில் படுக்கவைத்தால், அது அப்பளம்போல் தட்டையாக இருக்காது. நடுவில் குழிந்து விளிம்பில் எழும்பி, அகன்ற சாஸர்போல் கிடக்கும். செய்தவர் கை பிசகியதால் வந்த கோணல் இல்லை இது. ஒவ்வொரு ஆரக்காலையும் அளவுகோல் வைத்துப் பார்த்து, வேண்டுமென்றே சாய்த்து அடித்திருக்கிறார்கள். ஏன் சாய்த்தார்கள்?

சர்ரே மாவட்டத்தில் ஃபார்னம் என்ற சிற்றூரில் சக்கரப் பட்டறை நடத்திய ஜார்ஜ் ஸ்டர்ட்டுக்கும் இந்தக் கேள்வி இருந்தது. 1863இல் பிறந்த அவர் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். 1884இல் தந்தை இறந்துபோக, பட்டறை அவர் தலையில் விழுந்தது. தொழில் தெரியாத முதலாளி. தொழிலை உள்ளங்கையில் வைத்திருந்த வேலையாட்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றதை 1923இல் ‘தி வீல்ரைட்ஸ் ஷாப்’ என்ற புத்தகமாக எழுதினார். சுற்றுவட்டாரக் கிராமங்களின் சக்கரம் ஒன்று எப்படிப் பிறந்து, எப்படி ஓடி, எப்படி முடிந்தது என்பதை இன்று நாம் அறிய முடிவது பெரிதும் அவரைப் போன்றவர்களால்தான்.

சக்கரத்தின் கதை பட்டறைக்கு வெகு முன்னால், வேலியோரத்தில் நிற்கும் மரத்தில் தொடங்குகிறது. ஒரு சக்கரத்துக்கு மூன்று மரங்கள் வேண்டும். நடுவிலுள்ள குடத்துக்கு எல்ம். அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஆப்பு வைத்தாலும் எளிதில் பிளக்காது. சுற்றிலும் பன்னிரண்டு துளை போட்டு, பன்னிரண்டு ஆரக்கால்களைச் சம்மட்டியால் அறைந்து இறக்கினாலும் தாங்கும். பாரத்தைச் சுமக்கும் ஆரக்காலுக்கு ஓக் மரத்தின் வைரம். விளிம்பில் தரையின் அடியை வாங்கும் வட்டைக்கு ஆஷ். அது அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு மீளும். இந்த மூன்றில் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் சக்கரம் நாள்படாது.

மரம் வாங்குவது தச்சரின் முதல் வேலை. நிற்கிற மரத்தைச் சுற்றி வந்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்தே படிக்க வேண்டும். நேரான ஆஷ் எல்லாருக்கும் பிடிக்கும். வட்டைக்கு வளைந்த ஆஷ்தான் லாபம். மரத்தின் வளைவும் வட்டையின் வளைவும் ஒத்துப்போனால் நார் அறுபடாது. மற்ற மரங்களைக் குளிர்காலத்தில் வெட்டுவார்கள். ஓக்கை மட்டும் பெரும்பாலும் வசந்தத்தில் சாய்ப்பார்கள். சாறு ஏறும் அந்தப் பருவத்தில்தான் பட்டை கையோடு உரிந்து வரும். தோல் பதனிடுபவர்கள் அதை விலை கொடுத்து வாங்கிப்போவார்கள். நம் ஊரில் ஆவாரம்பட்டை செய்த வேலையை அங்கே ஓக் பட்டை செய்தது.

அடுத்து அறுப்புக் குழி. ஊர் ஊராகப் போகும் வாளறுப்புக்காரர்கள் இரண்டிரண்டு பேராக வருவார்கள். குழியின் மேல் மரத்தைக் கிடத்தி, ஒருவர் மேலே நின்று கோட்டைப் பார்த்து வாளை நடத்துவார். மற்றவர் குழிக்குள் நின்று, முகத்தில் மரத்தூள் கொட்டக் கொட்ட இழுப்பார். மேலே நிற்பவருக்கே மதிப்பு. ‘டாப் சாயர்’ என்ற அந்தப் பெயர் பின்னாளில் ஆங்கிலத்தில் பெரிய ஆளைக் குறிக்கும் சொல்லாகவே ஆகிவிட்டது. குழிக்குள் நின்றவரின் பெயருக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

ஆரக்காலுக்கான ஓக் மட்டும் இந்த வாளுக்குத் தப்பிவிடும். அதை அறுக்கக் கூடாது, பிளக்க வேண்டும். வாள் தன் போக்கில் நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். பிளவோ நார் போகிற வழியே போகும். பிளந்த ஆரக்காலில் அடிமுதல் நுனிவரை நார் முழுதாக ஓடும். அதனால்தான் அதை மெல்லியதாகச் செதுக்கினாலும் முறிவதில்லை.

வெட்டி, அறுத்து, பிளந்த மரம் உடனே வேலைக்கு வராது. ஆண்டுக்கணக்கில் காய வேண்டும். குடத்துக்கான எல்ம் கட்டைகள் மற்றவற்றைவிட நீண்ட காலம் காத்திருக்கும். அப்பா வாங்கிப் போட்ட கட்டையில் மகன் துளை போடுவதும் உண்டு.

காய்ந்த கட்டையைக் கடைந்து குடமாக்கி, துளை குடைந்து, ஆரக்கால் இறக்கும் நாளில் பட்டறையின் சத்தமே மாறும். சம்மட்டியின் ஒவ்வோர் அடிக்கும் ஓக் ஒவ்வோர் ஓசை தரும். ஆரக்கால் அடிவரை போய் உட்கார்ந்துவிட்டதா என்பதைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் சொல்லும். ஓர் ஆரக்கால் இறங்கியதும் அளவுகோல் வைத்துச் சாய்வைப் பார்ப்பார்கள். ஒன்று பிசகினாலும் சக்கரம் நொண்டும். பிறகு கோடரியாலும் வாய்ச்சியாலும் செதுக்கிய வட்டைத் துண்டுகள் வரும். இரண்டு ஆரக்காலுக்கு ஒரு வட்டை. பன்னிரண்டு கால் சக்கரத்துக்கு ஆறு வட்டை. வட்டைக்கான அச்சுப்பலகைகள் சுவரில் தொங்கும்.

எந்தப் பலகையை எடுப்பது? இதற்குப் பதில் எந்த ஏட்டிலும் இல்லை. சக்கரம் போகப்போவது களிமண் நிலத்துக்கா, மணல் நிலத்துக்கா? சேற்றில் புதையாமல் இருக்க விளிம்பு எவ்வளவு அகலமாக வேண்டும்? அந்தப் பண்ணைக்கு ஏறும் மேடு எவ்வளவு செங்குத்து? பண்ணைக்காரர் எப்படிப்பட்ட குதிரை வைத்திருப்பார்? தச்சருக்கு இவை எல்லாம் தெரியும். வாடிக்கையாளரின் கோபதாபங்களும் தெரியும். ஊரின் நிலத்தையும் மனிதரையும் படித்தவர் செய்கிற சக்கரம் ஊருக்கு ஊர் மாறத்தான் செய்யும். அரசாங்கமும் இதில் கை வைத்தது. சுங்கச் சாலைகளைக் குறுகிய சக்கரங்கள் உழுது தள்ளுகின்றன என்று 1753இல் ஒரு சட்டம் வந்தது. விளிம்பு ஒன்பது அங்குல அகலம் இருக்க வேண்டும் என்றது. லண்டனில் போட்ட சட்டம் நெடுஞ்சாலை வண்டிகளை அகலமாக்கியது. பண்ணை வண்டியின் அகலத்தை வயல்தான் தீர்மானித்தது.

மரவேலை முடிந்ததும் சக்கரம் கொல்லரிடம் போகும். ஓர் அளவுச் சக்கரத்தை விளிம்பில் ஓடவிட்டு, எத்தனை சுற்று என்று எண்ணிச் சுற்றளவை எடுப்பார். ஐந்தடிச் சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட பதினாறு அடி இரும்புப் பட்டை வேண்டும். அதை வளைத்து, இரண்டு முனைகளையும் காய்ச்சி அடித்து ஒட்டவைப்பார். பட்டா என்ற இந்த வளையத்தின் சுற்றளவு மரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். அங்கேதான் சூட்சுமம்.

திறந்தவெளியில் வட்டமாகத் தீ மூட்டி அந்தப் பட்டாவைப் பழுக்கவிடுவார்கள். பக்கத்தில் இரும்பு மேடைமேல் சக்கரத்தைத் திருகி இறுக்கியிருப்பார்கள். பழுத்துச் சிவந்து விரிந்த பட்டாவை இரண்டு மூன்று பேர் நீளக் குறடுகளால் தூக்கி வந்து விளிம்பில் போடுவார்கள். மரம் பற்றிக்கொள்ளும், புகை முகத்தை மறைக்கும். சம்மட்டியால் தட்டி இறக்கியதும் சுற்றிச் சுற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். சீறிக்கொண்டு ஆவி எழும். இரும்பு சுருங்கச் சுருங்க, அதுவரை சற்றே வாய் திறந்திருந்த மூட்டுகள் ஒவ்வொன்றாக முனகி மூடும். வட்டை ஆரக்காலைக் கடிக்கும், ஆரக்கால் குடத்தைக் கடிக்கும். பசையோ ஆணியோ கொடுக்க முடியாத பிடி சில நிமிடங்களில் வந்துவிடும். சாஸரின் குழிவும் இந்த இறுக்கத்தில் இன்னும் கொஞ்சம் கூடும்.

பிறகு சாயம். தெற்கு மாவட்டங்களில் வண்டியின் உடலுக்கு நீலமோ மஞ்சளோ பூசினாலும், சக்கரங்களுக்குப் பெரும்பாலும் சிவப்புதான்.

புதுச் சக்கரத்துக்கு முதலில் எரு, பிறகு வைக்கோல், அறுவடைக்காலத்தில் கதிர்க்கட்டு என்று வேலைக்குப் பஞ்சமில்லை. ஃபார்னம் வட்டாரத்தில் இன்னொரு பயணமும் உண்டு. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூ அங்கே பேர்போனது. மூட்டை கட்டி, அக்டோபர் மாதம் ஹாம்ஷையரின் வேஹில் சந்தைக்கு வண்டி வண்டியாக ஏற்றிப்போவார்கள். தாமஸ் ஹார்டி ‘தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்’ நாவலைத் தொடங்கிவைக்கும் சந்தைக்கு முன்மாதிரி அந்தச் சந்தைதான்.

கோடையில் மரம் காய்ந்து சுருங்கும், பட்டா கலகலக்கும். வண்டிக்காரர் குளத்திலோ ஓடையிலோ வண்டியை இறக்கி ஊறவிடுவார். 1821இல் ஜான் கான்ஸ்டபிள் வரைந்த ‘தி ஹே வெய்ன்’ ஓவியத்தில், சஃபோக்கின் ஸ்டவர் ஆற்று நடுவில் ஒரு வண்டி நிற்கிறது. சக்கரம் ஊறத்தான் அது நிற்கிறது என்று சொல்வோர் உண்டு. நனைத்தும் இறுகாவிட்டால் மறுபடி கொல்லர்தான். பட்டாவை வெட்டிக் குறுக்கி, மறுபடி பழுக்கவைத்து, மறுபடி போட வேண்டும்.

இனி அந்தக் குழிவு. ஸ்டர்ட் பல காலம் யோசித்துப் பல விளக்கங்களைத் தள்ளிவிட்டு, கடைசியில் பதிலைக் குதிரையின் நடையில் கண்டார். குதிரை நேர்கோட்டில் இழுப்பதில்லை. ஒவ்வோர் அடிக்கும் அதன் உடல் இடமும் வலமும் அசைகிறது. அதோடு பாரமும் அசைகிறது. ஒவ்வோர் அசைவிலும் அச்சு, குடத்தை வெளிப்பக்கம் தள்ளும். தட்டைச் சக்கரமானால் காற்றில் மடங்கும் குடைபோல் நாளடைவில் மறுபக்கம் பிதுங்கிவிடும். உள்நோக்கிக் குழிந்த சக்கரத்தில் அந்தத் தள்ளல் ஆரக்கால் வழியே வட்டைக்கும், வட்டை வழியே பட்டாவுக்கும் போகும். பட்டா விட்டுக்கொடுக்காது. அச்சின் முனையும் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால், தரையைத் தொடும் ஆரக்கால் மட்டும் செங்குத்தாக நின்று பாரத்தைத் தாங்கும். தலைமுறை தலைமுறையாகச் சரியாகச் செய்துவந்த ஒன்றுக்குப் படித்த முதலாளி வெகுநாள் கழித்துத்தான் காரணம் கண்டார்.

விலை விஷயத்திலோ அவர் கண்டது வேறு. பல பொருள்களுக்கு அடக்க விலைகூட வரவில்லை. அப்பா வாங்கிய விலை, அதற்கு முன் தாத்தா வாங்கிய விலை, அதுவே வழக்கம். மரம் எத்தனை ஆண்டு காய்ந்தது, ஆள் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. அவர் கூட்டிப் பார்த்தார். இயந்திர வாளும் கொண்டுவந்தார். வேலை விரைந்தது. நாரைப் பார்த்து வெட்டிய கைகளுக்கு வேலை குறைந்தது. 1917இல் ஃபோர்ட்சன் டிராக்டர் பிரிட்டனுக்கு வந்தது. 1888இல் டன்லப் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயர் காலப்போக்கில் பண்ணை வண்டிக்கும் ஏறியது. இனிக் குதிரையின் நடைக்காகக் குழிய வேண்டிய தேவை சக்கரத்துக்கு இல்லை.

மிஞ்சியவை சில மதுக்கடைச் சுவர்களில் அலங்காரமாகச் சாய்ந்தன. சில, 1951இல் ரெடிங் பல்கலைக்கழகம் தொடங்கிய ஆங்கில கிராம வாழ்வு அருங்காட்சியகத்துக்குப் போயின. மரங்களுக்கும் கேடு வந்தது. 1960களின் இறுதியில் பரவிய பூஞ்சை நோய் பிரிட்டனின் எல்ம் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றது. 2012இல் ஆஷ் மரத்தைக் கருக்கும் இன்னொரு பூஞ்சையும் அங்கே கண்டறியப்பட்டது.

குடம், ஆரக்கால், வட்டை என்று இந்தக் கதையைத் தமிழில் சொல்ல முடிந்ததே, நம் தச்சர்கள் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் வைத்துப் போனதால்தான். உங்கள் ஊரில் மாட்டுவண்டிச் சக்கரம் செய்த ஆசாரி யாரேனும் இன்னும் இருந்தால், ஒரு நாள் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்த மரம், எந்தப் பருவத்தில் வெட்டியது, எவ்வளவு சாய்த்து அடித்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்கும்போது அவர் சிரித்துவிட்டு, அப்படித்தான் செய்வோம் என்று சொல்லக்கூடும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.