நெய்வேலி குவார்ட்டர்ஸ்: ஒரு தாழ்வான வீட்டின் கணக்கு

விருத்தாசலத்திலிருந்து கிழக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் நெய்வேலி டவுன்ஷிப். சுரங்கத்தையும் அனல் மின் நிலையத்தையும் பற்றிப் பேசுகிற அளவுக்கு அங்கிருக்கும் பழைய குவார்ட்டர்ஸ் வீடுகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. தாழ்வான ஒற்றைத்தள வீடு, முன்னால் தோட்டம், பின்னால் மாமரம், பலாமரம். இதில் என்னப்பா வரலாறு என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது.

முதலில் அமெரிக்கா பக்கம் ஒரு எட்டு போய்விட்டு வருவோம். அங்கே 'ராஞ்ச்' என்று ஒரு வீட்டு வகை உண்டு. ராஞ்ச் என்றால் மாட்டுப் பண்ணை. மாடி கிடையாது, உயரத்துக்குப் பதில் நீளத்தில் வளர்கிற வீடு. சரிவு குறைந்த கூரை, வெளியே நீண்ட இறவாணம், பின்கட்டிலிருந்து நேராகத் தோட்டத்துக்கு இறங்கலாம். 1930களில் சான் டியாகோவில் கிளிஃப் மே என்பவர் கலிஃபோர்னியாவின் பழைய ஸ்பானிய மண்வீடுகளைப் பார்த்து இந்த வடிவத்தைப் பிரபலமாக்கினார். உலகப் போர் முடிந்ததும் வீட்டுக்குப் பஞ்சம். நியூயார்க் அருகே 1947இல் லெவிட் கம்பெனி, தொழிற்சாலையில் கார் செய்கிற மாதிரி வரிசையாக வீடு கட்ட ஆரம்பித்தது. 1949இல் அவர்களும் ராஞ்ச் மாடலுக்கு வந்தார்கள். மலிவான நிலம், கார், அரசு உத்தரவாதம் உள்ள கடன் என்ற மூன்றும் சேர்ந்ததால்தான் அது சாத்தியமானது.

நெய்வேலி வீடு இதன் நகல் இல்லை. அதற்கு நெருங்கிய சொந்தம் ரயில்வே காலனியும் பி.டபிள்யூ.டி. பங்களாவும்தான். ஆனால் அடிப்படைக் கணக்கு ஒன்றே: பரந்து விரிந்த வீடு வேண்டுமென்றால் நிலம் மலிவாகக் கிடைக்க வேண்டும்.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு போட்டபோது கருப்பாக ஏதோ வெளியே வந்தது என்பதிலிருந்து நெய்வேலியின் கதையைத் தொடங்குவது வழக்கம். 1956 நவம்பர் 14இல் நிறுவனம் பதிவானது. 1957 மே 20இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961இல். சோவியத் உதவியோடு மின்சாரம் வந்தது 1962இல். அதாவது நிலக்கரி வெளியே வரும் முன்பே ஆட்கள் வந்தாக வேண்டும். ஆட்கள் வர வீடு வேண்டும்.

சுரங்கம் அந்த வீடுகளுக்கு வேறு ஒன்றையும் கொடுத்தது. நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கம் தாங்காது. அந்த நீர்தான் அனல் நிலையத்துக்கும் ஊருக்கும் போகிறது. செம்மண் காட்டில் அவ்வளவு பச்சை வந்ததில் அதற்கும் பங்குண்டு. நிலக்கரிக்கு மேலே தோண்டிப்போட்ட மண்ணிலிருந்து கிடைத்த வெள்ளைக் களிமண் நம்மூர் பீங்கான் பட்டறைகளுக்கு வந்தது.

இனி வீட்டை விட்டுவிட்டுத் தெருவைப் பாருங்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் தெருப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். நெய்வேலியில் பிளாக் நம்பர்தான் முகவரி. யாருக்கு எந்த டைப் வீடு என்பதைத் தீர்மானித்தது உத்தியோகமும் சம்பளமும். இதுவும் ஏற்றத்தாழ்வுதான், மறுக்கவில்லை. பெரிய அதிகாரிக்குப் பெரிய வீடு, தொழிலாளிக்குச் சின்ன வீடு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை. இதன் அருமை புரிய அதே 1957ஐ அமெரிக்காவில் பாருங்கள்: ஆகஸ்ட் மாதம், பென்சில்வேனியா லெவிட்டவுனில் வில்லியம் - டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி குடிவந்தபோது வீட்டின் முன் கும்பல் கூடிக் கல்லெறிந்தது. வெள்ளையருக்கு மட்டும் என்றே விற்கப்பட்ட ஊர் அது.

ஆனால் நெய்வேலியின் கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஊர், சேரி என்று பிரியாத இந்த டவுன்ஷிப்புக்காகவும் சுரங்கத்துக்காகவும் காலி செய்யப்பட்டவை, ஊரும் சேரியுமாக இருந்த கிராமங்கள். நிலம் மலிவாகக் கிடைத்தது என்றால் யாரோ மலிவாகக் கொடுத்தார்கள் என்று அர்த்தம். நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வேலை, நியாயமான விலை என்ற கோரிக்கை இன்றும் ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரங்களை இறக்கியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம்.

அமெரிக்க ராஞ்ச் வீட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு. பெயின்ட் அடிப்பார், பாதுகாப்பார், பழமையானது என்று பெருமை பேசுவார். குவார்ட்டர்ஸ் அப்படி இல்லை. ரிடையர் ஆனதும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முப்பது வருஷம் தண்ணி ஊற்றி வளர்த்த பலாமரம் அடுத்தவருக்கு. வடலூரிலும் விருத்தாசலத்திலும் அப்படி வந்தவர்கள் கட்டிய வீடுகளைக் கவனித்திருக்கிறேன்: மனையின் நான்கு மூலையையும் நிரப்பி, மேலே மாடி. தோட்டத்துக்கு விட இடமில்லை. நிலத்துக்குச் சொந்தக் காசு கொடுக்கும்போது வீடு இப்படித்தான் நிமிர்ந்து நிற்கும்.

சொந்தக்காரர் இல்லாத வீட்டை இடித்தால் கேட்கவும் ஆள் இருக்காது. அதனால் குவார்ட்டர்ஸில் இப்போது இருப்பவர்கள் ஒரு டேப்பை எடுத்து அறைகளை அளந்து, ஒரு தாளில் வரைந்து வையுங்கள். பழைய ஆல்பத்தில் அந்த வாசலில் எடுத்த படம் இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். அந்த மண்ணில் அதற்கு முன்னால் நின்ற வீட்டின் படம் யாரிடமாவது இருந்தால், முதலில் அதைச் செய்யுங்கள்.