வேலமுள்ளும் நூத்தியெட்டும்



மஞ்சளுக்கு ரெண்டாம் களை எடுத்து முடிச்சாச்சு. மழை பிடிச்சுக்கிட்டதால ரெண்டு நாளா தோட்டத்துல வேலை இல்லை. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, எழுதாமயே தள்ளிப்போட்ட ஒன்னை இன்னிக்கு எழுதிடறேன். நேரமில்லாம தள்ளிப்போடலை. வெட்கப்பட்டுத்தான் தள்ளிப்போட்டேன்.

2020 மார்ச் 24-ஆம் தேதி ராத்திரி பிரதமர் டி.வி.யில பேசி, 21 நாளைக்கு நாடே ஊரடங்குன்னு சொன்னாருங்களா? அதுக்கு நாலு நாள் கழிச்சு எங்க ஊர் எல்லையில வேலமுள்ளை வெட்டிப் போட்டு ரோட்டை அடைச்சோம். குறுக்கே ஒரு மூங்கில், அதுல வேப்பந்தழை, பக்கத்துல ஒரு அட்டை: 'வெளியாட்கள் ஊருக்குள் வரக்கூடாது.' முள்ளு வெட்டுன அருவா என்னோடது. அட்டையில எழுதுன கையும் என்னோடதுதான். ஊர்ல என் கையெழுத்துக்கு நல்ல பேருங்க.

அந்த முள்ளுல மொதல்ல மாட்டுனது வெளியூர்க்காரன் இல்லை. என் தங்கச்சி மகன். 108 ஆம்புலன்ஸ்ல அவசர சிகிச்சை பாக்கற வேலை அவனுக்கு. இ.எம்.டி.ன்னு சொல்லுவாங்க. வண்டி ஓட்டறவரை அங்க டிரைவர்னு சொல்றதில்லை, பைலட்னுதான் கூப்பிடுவாங்க.

அந்தக் கதைக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை சொல்லணும். இல்லைன்னா நாங்க ஏன் முள்ளைத் தூக்குனோம்னு டவுன்ல இருக்கிற உங்களுக்குப் புரியாது.

எங்க அப்பாரு சின்னப்பையனா இருக்கும்போது பிளேக் வந்த கதையைச் சொல்லுவாரு. வீட்டுக்குள்ள எலி செத்து விழுந்தா அன்னிக்கே ஊரைக் காலி பண்ணிட்டு, தோட்டத்துல சாளை போட்டுக்கிட்டுப் போயிருவாங்களாம். பக்கத்து ஊர்க்காரன் வந்தா தூரத்துல நிறுத்தித்தான் பேச்சு. கோயமுத்தூர்ல இன்னிக்கும் பிளேக் மாரியம்மன்னே கோயில் இருக்கு. அந்தப் பயம் அவ்வளவு பெருசு. நாங்க எல்லையில கட்டுன வேப்பந்தழை அந்தக் காலத்துல இருந்து வந்ததுதான்.

பிளேக் பம்பாய்க்கு வந்தது 1896-ல. அடுத்த வருசமே, 1897 பிப்ரவரியில, வெள்ளைக்காரன் தொற்றுநோய்ச் சட்டம்னு ஒன்னு போட்டான். ரொம்பச் சின்னச் சட்டம், மொத்தம் நாலே பிரிவு. ஜனங்களைச் சோதனை போடலாம், பிரிச்சு வைக்கலாம், கேக்காதவனைத் தண்டிக்கலாம். சட்டப்படி வேலை செஞ்ச அதிகாரி மேல வழக்குப் போட முடியாதுன்னும் அதுல இருக்கு. ஆனா நோயாளி வீட்டுக்குள்ள போற ஆளை ஊர் அடிச்சா என்ன பண்றதுன்னு அதுல ஒரு வரிகூட இல்லை. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

அதே பம்பாய்ல ஹாஃப்கின்னு ஒரு விஞ்ஞானி பிளேக்குக்குத் தடுப்பூசி கண்டுபிடிச்சு, 1897 ஜனவரியில மொதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கிட்டாரு. அடுத்தவனுக்குக் குத்தறதுக்கு முன்னாடி தன் உடம்புல பாத்துக்கிட்டவரு அவரு.

1918-ல விஷக்காய்ச்சல் வந்துச்சு. மொத உலகப்போர்ச் சமயம். பம்பாய்த் துறைமுகத்துல நுழைஞ்சு ரயில் போன பக்கமெல்லாம் போயிருக்கு. நம்ம நாட்டுல மட்டும் செத்தவங்க 1 கோடிக்கும் மேல. 1911-ல எடுத்த ஜனத்தொகையை விட 1921-ல எடுத்தது குறைவா இருந்துச்சு. கணக்கெடுப்பு ஆரம்பிச்ச பிறகு நம்ம நாட்டு ஜனத்தொகை குறைஞ்சது அந்தப் பத்து வருசத்துலதான். டாக்டருங்க பலபேரு சண்டைக்குப் போயிருந்தாங்க. "தண்ணி ஊத்த ஆளில்லை"ன்னு அப்பாரு சொல்லுவாரு. பொணம் தூக்கவும் குழி வெட்டவும் மட்டும் ஆள் இருந்தாங்களாம். அவங்களை ஊருக்குள்ள விட்டதில்லை. நோய்க்கு முன்னாடியும் விட்டதில்லை, பின்னாடியும் விட்டதில்லை. அவங்க பேரு அப்பாருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

பெரியம்மைக்கு ஊசி குத்த ஆள் வந்தா பிள்ளைகளைச் சோளக்காட்டுல ஒளிச்சு வெச்சதை எங்க அம்மாவே சொல்லியிருக்காங்க. அந்த அம்மைப்பால் தயார் பண்றதுக்குன்னு 1899-ல ஆரம்பிச்சதுதான் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். கொரோனா வந்தப்பவும் சளி சாம்பிள் சோதனைக்கு அங்கதான் போச்சு. அந்த வளாகத்துலயே கொரோனா ஆஸ்பத்திரியும் வந்துச்சு. இடம் அதேதான். ஜனங்க பயமும் அதேதான்.

இனி 108-க்கு வர்றேன். என் வயசுக்காரங்களுக்குத் தெரியும், முன்னெல்லாம் பிரசவவலி வந்தா மாட்டுவண்டி, பாம்பு கடிச்சா கயித்துக்கட்டில். அப்புறம் டெம்போ வந்துச்சு. 2005-ல ஐதராபாத்துல ஆரம்பிச்ச 108, 2008 செப்டம்பர்ல நம்ம தமிழ்நாட்டுக்கு வந்துச்சு. காசு கேக்காம வீட்டு வாசலுக்கே வர்ற வண்டின்னு சொன்னப்ப எங்க ஊர்ல யாரும் நம்பலை. மொத தடவை வந்தப்ப வண்டியைச் சுத்தி நின்னு வேடிக்கை பாத்தோம்.

மாப்ள அதுல சேர்ந்தப்ப எங்களுக்கெல்லாம் பெருமை. விபத்து, விஷம், நெஞ்சுவலி, பிரசவம் எல்லாம் பாத்திருக்கான். ஆனா 2020 ஜனவரி 30-ஆம் தேதி கேரளாவுல நாட்டோட மொத கொரோனா நோயாளின்னு செய்தி வந்த பிறகு பழகுனது வேற மாதிரின்னு சொன்னான். மார்ச் 7-ஆம் தேதி தமிழ்நாட்டுக்கும் வந்துருச்சு. கொரோனாவுக்குன்னு தனி வண்டி பிரிச்சாங்க. டிரைவர் கேபினுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவுல காத்துப் போகாம மறைச்சாங்க. ஏசி போடக்கூடாது, ஜன்னலைத் திறந்து வைக்கணும். ஒவ்வொரு தடவையும் ஆளை இறக்கிட்டு வண்டி முழுக்க ஹைப்போகுளோரைட் கரைசல் போட்டுத் துடைக்கணும்.

"பாதுகாப்பு உடுப்பைப் போடறது பெருசில்லைங் மாமா, கழட்டறதுதான் பெருசு"ன்னான். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றதுன்னா, பருத்திக்கு மருந்தடிச்சுட்டு வந்து சட்டையைக் கழட்டற மாதிரி. மருந்து வெளிப்பக்கம் இருக்கு. அந்தக் கையால மூஞ்சியைத் தொட்டா போச்சு. மேல் கையுறையை மொதல்ல கழட்டணும், அங்கியை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி சுருட்டிச் சுருட்டி இறக்கணும், மாஸ்க்கைக் கடைசியாத்தான் எடுக்கணும், ஒவ்வொன்னுக்கும் நடுவுல கை கழுவணும். ஒருத்தர் கழட்டும்போது இன்னொருத்தர் பாத்துக்கிட்டே நிக்கணும், தப்பு செஞ்சா சொல்றதுக்கு. இதையே திரும்பத் திரும்பப் பழகியிருக்காங்க.

மாஸ்க் பத்தி ஒன்னு படிச்சேன். 1910-ல மஞ்சூரியாவுல நிமோனியா பிளேக் வந்தப்ப, நோய் மூச்சுக்காத்துல பரவுதுன்னு சொல்லித் துணியும் பஞ்சும் வெச்சு மாஸ்க் போடவெச்சவரு வூ லியன் தே. பினாங்குல பொறந்தவரு. நம்ம ஆளுங்க கப்பலேறிப்போன அதே பினாங்குதான். அவரு சொன்னதை ஏத்துக்காம மாஸ்க் இல்லாம நோயாளியைப் பாத்த பிரெஞ்சு டாக்டர் ஒருத்தர் கொஞ்ச நாள்லயே அதே நோய்ல செத்துப்போனாரு. மாப்ள போட்ட என்-95 மாஸ்க்குக்கு அவ்வளவு பழைய சரித்திரம் இருக்கு.

ஏப்ரல், மே வெயில். 12 மணி நேர டூட்டி. உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக் மாதிரி அங்கி. உடுப்புப் போட்டுட்டா தண்ணி குடிக்க முடியாது, ஒன்னுக்குப் போக முடியாது. அதனால போடறதுக்கு முன்னாடியே தண்ணியைக் குறைச்சுக்குவாங்களாம். கண்ணாடி ஆவி பிடிச்சு நரம்பு தெரியாது. கூட வேலை பாத்த பொண்ணுங்க மாசத்துல அந்த நாலு நாளை எப்படிச் சமாளிச்சாங்கன்னு தெரியலைன்னான். எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளையா இருக்கறதால நெஞ்சுல மார்க்கர்ல பேரை எழுதிக்குவாங்களாம்.

இப்படிப்பட்டவன்தான் ஏப்ரல் மொத வாரம் ஒரு சாயங்காலம் பைக்கை எங்க முள்ளுக்கு அந்தப்பக்கம் நிறுத்துனான். அவன் தங்கியிருந்த வாடகை வீட்டுல, ஆம்புலன்ஸ்ல போறவன் இங்க இருக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கியிருந்தான். திண்ணையில படுத்துக்கறேன், வீட்டுக்குள்ள வரமாட்டேன்னு சொன்னான். நாங்க ஏழெட்டுப் பேரு இந்தப்பக்கம் நின்னோம். எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்தாங்க, சொந்தக்காரன் நான்தானே.

"மாப்ள, ஊர்ல பேச்சு வந்துருச்சு. கொஞ்ச நாளைக்கு அங்கயே எங்கயாவது இருந்துக்க சாமி"ன்னேன்.

"சரீங் மாமா"ன்னான். அவ்வளவுதான். மாத்திரைப் பையை மைல்கல் மேல வெச்சுட்டு வண்டியைத் திருப்பிட்டான். என் தங்கச்சி எட்டு மாசம் எங்கிட்டப் பேசலை.

அடுத்த ரெண்டு வாரத்துல, ஏப்ரல் 19-ஆம் தேதி, சென்னையில கொரோனாவுல செத்த ஒரு நரம்பியல் டாக்டரைப் புதைக்க விடாம கூட்டம் கல்லெறிஞ்சுச்சு. ஆம்புலன்ஸ் கண்ணாடி ஒடைஞ்சுது, டிரைவருக்கு அடி. கூட இருந்த டாக்டர் ஒருத்தர் தானே வண்டியை ஓட்டிக்கிட்டுப் போயி, ராத்திரியோட ராத்திரியா மண்ணைத் தள்ளிப் புதைச்சாரு. டி.வி.யில அதைப் பாத்து, "மனுசங்களா இவங்க?"ன்னு எங்க வீட்டுலயும் திட்டுனோம். திட்டிட்டு நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன். அவங்க கல்லெடுத்தாங்க, நாங்க முள்ளெடுத்தோம். பெரிய வித்தியாசம் இல்லை.

மூணு நாள்ல, ஏப்ரல் 22-ஆம் தேதி, மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டுச்சு. மருத்துவப் பணியாளரைத் தாக்குனா 3 மாசத்துல இருந்து 5 வருசம் வரைக்கும் ஜெயில். பலமான காயம்னா 6 மாசத்துல இருந்து 7 வருசம் வரைக்கும். ஜாமீன்ல விடமுடியாத குற்றம். அந்த 1897 சட்டத்துல இல்லாத வரி இதுதானுங்க. எழுதிச் சேர்க்க 123 வருசம் ஆயிருக்கு. 

2021 மே மாசம் ரெண்டாவது அலை. 21-ஆம் தேதி ஒரே நாள்ல தமிழ்நாட்டுல 36,184 பேருக்குன்னு செய்தி வந்துச்சு. அந்த வாரம்தான் எங்க அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. விரல்ல மாட்டற கருவியில 84 காட்டுச்சு. 94-க்குக் கீழ போனாலே ஆபத்துன்னு சொல்லியிருந்தாங்க. 108-க்குப் போன் போட்டுட்டு, வண்டிக்கு வழிகாட்ட ஊர் எல்லைக்கு ஓடுனேன். முள்ளு போட்ட அதே இடம். மைல்கல் மேல கைவெச்சு நின்னப்பத்தான் எந்த இடத்துல நிக்கறேன்னே உறைச்சுது.

வந்தது மாப்ள இல்லை. அவன் வேற வண்டியில இருந்தான். யாரோ ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும், பேச்சுல வடக்கு மாவட்டம்னு தெரிஞ்சுது. எங்க ஊருக்கு அது மொத தடவை. தயங்காம அண்ணன் கட்டில் வரைக்கும் போச்சு. "பெரியப்பா, பயப்படாதீங்க"ன்னு கையைப் பிடிச்சுது. சொந்தப் பிள்ளைங்களே பத்தடி தள்ளி நின்ன நேரம் அது.

நான் பைக்ல பின்னாடியே போனேன். ஆஸ்பத்திரி வாசல்ல எங்களுக்கு முன்னாடி அஞ்சு வண்டி. படுக்கை காலியாகற வரைக்கும் வண்டியிலயே வைத்தியம். அந்தப் பொண்ணு அண்ணனைக் குப்புறப் படுக்கவெச்சு, ஆக்ஸிஜன் மீட்டரையும் கடிகாரத்தையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அது என்ன கணக்குன்னு மாப்ளதான் பின்னாடி சொன்னான். பி டைப் சிலிண்டர்ல ஏறக்குறைய 1,500 லிட்டர் இருக்கும். நிமிசத்துக்கு 10 லிட்டர் போனா ரெண்டரை மணி நேரம். 15 லிட்டர் போனா 100 நிமிசம்தான். கிணத்துல இருக்கிற தண்ணிக்கு எத்தனை பாத்தி பாயும்னு நாம கணக்குப் போடறோமில்லைங்களா, அதேதான். நமக்குத் தப்புனா வெள்ளாமை போகும், அவங்களுக்குத் தப்புனா உசுரு போயிரும்.

ரெண்டு மணி நேரத்துக்கு மேல காத்திருந்தோம். அதுக்குள்ள எங்களுக்கு முன்னாடி நின்ன ஒரு வண்டியில அழுகைச்சத்தம் கேட்டுது. அண்ணனுக்கு 91-க்கு ஏறுச்சு, உள்ள எடுத்துக்கிட்டாங்க. பதினாறு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்துட்டாரு. முன்ன மாதிரி மம்முட்டி பிடிக்க முடியலை, ஆனா இருக்காரு. அந்தப் பொண்ணு மூஞ்சி எங்களுக்குத் தெரியாது. நெஞ்சுல எழுதியிருந்த பேரு மட்டும் அண்ணனுக்கு ஞாபகம். பேத்திக்கு அந்தப் பேரைத்தான் வெச்சிருக்கோம்.

மாப்ளைக்கும் நடுவுல கொரோனா வந்து போச்சு. 2021 ஜனவரி 16-ஆம் தேதி சுகாதாரப் பணியாளருக்குத் தடுப்பூசி ஆரம்பிச்சதும் போட்டுக்கிட்டான். இன்னும் அதே வேலைதான். போன பொங்கலுக்கு வந்திருந்தப்ப, "அப்ப எதுக்குடா ரொம்பப் பயந்தே?"ன்னு கேட்டேன். நோய்க்குன்னு சொல்லுவான்னு நினைச்சேன். "அம்மா அந்த மாத்திரையை எடுத்துட்டாங்களா, யாராவது தொடாம விட்டுட்டாங்களான்னு ராத்திரி பூரா யோசனைங் மாமா"ன்னான். முள்ளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை.

போன கிராமசபைக் கூட்டத்துல நான் ஒன்னு சொன்னேன். மறுபடி இப்படி ஒரு நோய் வந்தா எல்லையில முள்ளு வேண்டாம், ஒரு குடம் தண்ணியும் சோப்பும் வெப்போம். ஆஸ்பத்திரியில, ஆம்புலன்ஸ்ல வேலை பாக்கற நம்ம பிள்ளைங்க தங்கறதுக்குப் பழைய பள்ளிக்கூடத்துல ரெண்டு அறையைச் சுத்தம் பண்ணி வெப்போம், மூணு வேளை சோறு ஊர்ப்பொதுவுல போகட்டும். பாதிப்பேரு தலையாட்டுனாங்க. மீதிப்பேரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அவங்களும் என்கூட அன்னிக்கு அங்க நின்னவங்கதான்.

மாப்ள இந்தப் பக்கத்தைப் படிப்பான்னு தெரியும். நேர்ல சொல்ல வாய் வரலை, அதனால இங்கயே சொல்லிடறேன். அன்னிக்கு நான் செஞ்சது தப்பு சாமி.

மழை விட்டுருச்சு. அடுத்த வாரம் மஞ்சள் இலைப்புள்ளி நோயைப் பத்தி எழுதறேன்.