முற்றத்து வீடும் பசுமைச் சான்றிதழும்

ஓர் இல்லத்தின் சிறப்பை அதன் மாடிகளைக் கொண்டும் சலவைக்கல்லைக் கொண்டும் மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அவ்வீடு எவ்வளவு நீரையும் மின்சாரத்தையும் செலவழிக்கிறது என்று கேட்போர் அரிது. அக்கேள்வியைக் கேட்டு, விடையை அளந்து, எழுத்தில் தருவதே பசுமைக் கட்டடச் சான்றிதழ். இந்தியாவில் அதன் வரலாற்றில் நம் கரையோரத்து மைந்தர் ஒருவருக்கும் இடமுண்டு.

1990ஆம் ஆண்டு பிரிட்டனில் 'பிரீயம்' என்னும் மதிப்பீட்டு முறை தோன்றியது. பின்னர் அமெரிக்காவில் 'லீட்' முறை உருவாயிற்று. 2001இல் இந்தியத் தொழிற் கூட்டமைப்பு, இந்தியப் பசுமைக் கட்டடக் கழகத்தை நிறுவியது. அக்கூட்டமைப்பு ஹைதராபாத்தில் எழுப்பிய சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், 2003இல் லீட் முறையின் உச்சமான பிளாட்டினம் தரத்தைப் பெற்றது. அமெரிக்காவிற்கு வெளியே அத்தரத்தை எய்திய முதல் கட்டடம் அதுவே. 2004 ஜூலை 14 அன்று அதனைத் திறந்து வைத்தவர், இராமேஸ்வரத்தில் பிறந்து அன்று குடியரசுத் தலைவராயிருந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள்.

அக்கட்டடம் நடுமுற்றத்தைச் சூழ்ந்து வட்டமாக அமைந்தது. துளைகளிட்ட ஜாலிச் சுவர்கள் வெயிலைத் தடுத்து வெளிச்சத்தை உள்ளே விடுகின்றன. காற்றுக் கோபுரங்கள் காற்றைக் குளிர்வித்து அனுப்புகின்றன. கூரைமேல் புல் வளர்கிறது. கழிவுநீர் செடிகளின் வேர்ப்படுகையில் தூய்மையாகி மீண்டும் பயன்படுகிறது.

இவற்றுள் பல நமக்குப் புதியன அல்ல. கலாம் அவர்கள் வளர்ந்த பள்ளிவாசல் தெரு வீடு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுண்ணாம்புக்கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பட்டது. கீழக்கரையின் பழைய இல்லங்களிலும் தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, வானம் பார்த்த முற்றம் ஆகியன உண்டு. வெளிநாட்டு உழைப்பின் பொருள் வந்தபின், அவ்வீடுகள் பலவற்றை இடித்துக் கான்கிரீட் பெட்டிகளாக மாற்றினோம். பகலில் விளக்கும், இரவெல்லாம் ஏசியும் தேவையாயின.

முன்னோர் அனுபவத்தால் அறிந்ததைச் சான்றிதழ் எண்களால் அளக்கிறது. மழைநீர் சேமிப்பு, சிக்கனக் குழாய்கள், இயற்கை வெளிச்சம், காற்றோட்டம், மின்சாரச் சிக்கனம் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. 2007இல் இந்திய அரசு ஏற்ற 'கிருஹா' முறை ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை வழங்குகிறது. அளவு இருப்பதால் வெறும் விளம்பரத்தை உண்மையிலிருந்து பிரித்தறியலாம். அளவையில் நேர்மையை வலியுறுத்தும் மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இதன் பெறுமதி எளிதில் விளங்கும்.

எனினும் சான்றிதழ் மட்டும் போதாது. 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. குழாயும் குழியும் அமைத்துவிட்டுத் தூர்வாராமல் விட்ட வீடுகளை நாம் அறிவோம். அமைப்பைப் பேணாதவருக்கு அதன் பயன் கிட்டாது.

சிக்கல் போன்ற நீர்ப்பஞ்சம் மிக்க ஊர்களில் எல்லோரும் கட்டணம் செலுத்திச் சான்று பெற இயலாது. ஆயினும் அதன் கேள்விகள் யாவருக்கும் உரியவை. வீடு கட்டுமுன் பொறியாளரிடம் நான்கைக் கேட்போம்: கூரையில் விழும் மழை எங்கே சேரும்? மேற்கு வெயிலை எது மறைக்கும்? பகலில் விளக்கின்றி எத்தனை அறைகள் புழங்கும்? குளித்த நீர் எந்த மரத்துக்குப் போகும்? பள்ளிவாசலைப் புதுப்பிக்கும் ஜமாஅத்தார், ஒளுச் செய்த நீர் குறித்தும் இவ்வாறே கேட்கட்டும். வீண்விரயம் தவிர்த்த இல்லமே வரும் தலைமுறைக்கு நாம் ஒப்படைக்கும் நல்ல அமானத்.