அடுப்பு மாறியது, வான்கோழிச் சமையலும் மாறியது

நன்றியறிதல் நாளான நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை அமெரிக்க வீடுகளில் ஓவனிலிருந்து பொன்னிறமாக வெளிவரும் முழு வான்கோழியை, அந்த நாடு தோன்றிய காலந்தொட்டு வரும் வழக்கமாகவே பலர் நினைக்கிறார்கள். எண்ணெயில் பொரிப்பவரும், முதுகெலும்பை வெட்டியெடுத்துத் தட்டையாக விரித்துச் சுடுபவரும் மரபை மீறியவர்களாகத் தெரிவது இந்த நினைப்பால்தான். பழைய சமையல் நூல்களைப் புரட்டினால் இது நிற்காது. முழு வான்கோழியை எப்படிச் சமைப்பது என்பதை அந்தந்தக் காலத்து அடுப்பும் அந்தந்தக் காலத்துப் பறவையுமே பெரிதும் முடிவு செய்திருக்கின்றன.

1796இல் ஹார்ட்ஃபோர்டில் அச்சான அமீலியா சிம்மன்ஸின் 'அமெரிக்கன் குக்கரி'யிலேயே பூரணம் அடைத்துச் சுட்ட வான்கோழி இருக்கிறதே, இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட மரபுதானே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது கணப்பில் எரியும் விறகுத் தீக்கு முன்னால் சுட்டது. கம்பியில் கோத்த பறவையைத் தகரப் பெட்டி ஒன்றுக்குள் பொருத்துவார்கள். பெட்டியின் ஒரு பக்கம் தீயைப் பார்த்துத் திறந்திருக்கும். வளைந்த உட்புறம் அனலைத் திருப்பி அடிக்கும். பின்னால் உள்ள சிறு கதவைத் திறந்து, கீழே வடிந்த கொழுப்பை எடுத்துக் கறிமேல் ஊற்றலாம். காற்றாட, நேரடி அனலில் வெந்த அந்தக் கறியும் மூடிய இரும்புப் பெட்டிக்குள் வெந்த கறியும் ஒன்றல்ல. அதே காலத்தில் முழுப் பறவையைத் தண்ணீரில் வேகவைப்பதும் மதிப்பான சமையலாகவே இருந்தது. 1824இல் வந்த மேரி ராண்டால்ஃபின் 'வர்ஜீனியா ஹவுஸ்-வைஃப்' நூலில், வேகவைத்த வான்கோழிக்குச் சிப்பிச் சாறு துணை. நிறம் வெளுப்பாக இருக்கட்டும் என்று மாவு தூவிய துணியில் சுற்றிப் பானையில் இறக்கும் பழக்கமும் இருந்தது. இன்றைய விருந்துமேசையில் அந்த வெளுத்த பறவையை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஓவனோடு கூடிய வார்ப்பிரும்பு அடுப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வீடு வீடாகப் பரவியது. பத்திரிகை ஆசிரியர் சாரா ஜோசஃபா ஹேல் பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்திவந்த தேசிய நன்றியறிதல் நாளை அதிபர் லிங்கன் அறிவித்தது 1863இல். பண்டிகையும் ஓவனும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிலைபெற்றதால்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போயிற்று என்பது என் கணிப்பு.

நிலைத்து நின்றதால் ஓவனே சிறந்த வழி என்று வாதிடுவோரும் உண்டு. அவர்கள் பறவை மாறியதைக் கணக்கில் எடுப்பதில்லை. இன்றைய பண்ணை வான்கோழியின் நெஞ்சு, இயற்கையாக இணைசேரவே முடியாத அளவுக்குப் பருத்தது. கொழுப்பில்லாத அந்த நெஞ்சுக்கறி 65 பாகை செல்சியஸைத் தாண்டியதும் வறளத் தொடங்குகிறது. தொடைக்கறி இளக 80 பாகை வரை வேண்டும். ஓவன் இரண்டையும் ஒரே சூட்டில் வைக்கிறது. முந்தின நாளே உப்புநீரில் ஊறப்போடுவதும், தோலுக்கடியில் வெண்ணெய் தடவுவதும், நெஞ்சின்மேல் அலுமினியத் தாள் போர்த்துவதும் இந்தச் சிக்கலைச் சமாளிக்கத்தான். தட்டையாக விரித்தால் ஒடுங்கியிருந்த தொடைகள் சூட்டுக்கு வெளிப்பட்டு நெஞ்சோடு சேர்ந்து வெந்துவிடுகின்றன. மரபை மீறியதாகச் சொல்லப்படும் இந்த முறைதான் இன்றைய பறவைக்கு ஏற்றது.

லூசியானாவிலிருந்து பரவிய பொரிப்பு முறையில், முற்றத்தில் வைத்த பெரிய பானையில் சுமார் 175 பாகையில் காய்ந்த கடலை எண்ணெய்க்குள் முழுப் பறவையும் இறங்குகிறது. ஐந்து கிலோ கறி முக்கால் மணி நேரத்துக்குள் வெந்துவிடும். இது ஆபத்தானது என்ற ஆட்சேபம் நியாயமானது. உள்ளே பனி உருகாத பறவையைப் போட்டால் நீர் சட்டென ஆவியாகி, எண்ணெய் பொங்கி வழிந்து தீப்பிடிக்கும். அந்த அச்சத்தால் பொரிப்பைத் தவிர்ப்பவரைக் குறை சொல்ல மாட்டேன். மரபைச் சொல்லித் தவிர்ப்பவரோ, மேரி ராண்டால்ஃபின் பானையில் வெந்த பறவை எந்த மரபைச் சேர்ந்தது என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.