ஆதார சுருதியும் மின்னணு நடன இசையின் ஹார்மனியும்

மின்னணு நடன இசையில் ஹார்மனி வறண்டு கிடக்கிறது என்ற குற்றச்சாட்டு, மேலைச் செவ்வியல் இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு எழுவது. பஞ்சமத்தின் மேல் அமைந்த கார்டு எழுப்பும் பதற்றம் சட்ஜத்தின் கார்டில் தணிவதே அவ்விலக்கணத்தின் உயிர்நாடி. நடன இசை பெரும்பாலும் அவ்வழி செல்வதில்லை. அதன் மெட்டு பெயராத ஆதார சுருதியை ஒட்டி நிற்கிறது. பதற்றமும் தணிவும் நாதத்தின் நிறத்திலும் தாள அடுக்கிலும் நிகழ்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கருவிகளின் இயங்குமுறை இதற்கு முதற் காரணம். 1977இல் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெல்லாட்டும் டோனா சம்மரின் குரலில் உருவாக்கிய 'ஐ ஃபீல் லவ்' பாடலில், மூக் சிந்தசைசரின் சீக்வென்சர் ஒரு சிறு பாஸ் தொடரையே திரும்பத் திரும்ப இசைக்கிறது. இத்தகைய கருவியில் மின்னழுத்தத்தைக் கூட்டினால் தொடர் முழுவதும் வடிவம் மாறாமல் வேறு சுரத்துக்குப் பெயரும். பின்வந்த ஹவுஸ், டெக்னோ இசையமைப்பாளர்கள் சாம்ப்ளரில் பதித்த ஒரே மைனர் கார்டைக் கட்டைக்குக் கட்டை நகர்த்தினர். பஞ்சமங்கள் இணையாக நகர்வதைக் கவுண்டர்பாயிண்ட் இலக்கணம் விலக்கும். இங்கோ அதுவே இலக்கணமாயிற்று.

பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் வெளியிட்ட, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்த இசைத்தட்டு வலுவான சான்று. ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 ஆகியவற்றைக் கொண்டு, கார்டு வரிசையை நாடாமல் ராகத்தை அவர் விரித்தார். 1987இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டது. அதிலும் 303இன் ஒரே தொடர் நீள ஒலிக்க, ஃபில்டரின் திறப்பும் மூடலுமே கேட்பவரை இழுத்துச் செல்கின்றன. ஆசிட் ஹவுஸை முதலில் படைத்தவர் சிங்தானா என்ற சர்ச்சையைவிட, தொடர்பற்ற இரு மரபுகள் ஒரே கருவியால் ஒரே தீர்வை எட்டியதே கருதத்தக்கது.

ஒப்புமைக்கு எல்லை உண்டு. மால்கௌன்ஸின், அதாவது நம் இந்தோளத்தின், ஐந்து சுரங்களை 303 தரும், கமகத்தைத் தராது. அதன் வழுக்கல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குச் சீராகச் செல்வது. பாடகரின் அசைவு சுரத்துக்குள்ளேயே நிகழ்வது.

டிரான்ஸ் இசை நான்கு கார்டுச் சுழற்சியை விரும்பி ஆள்கிறதே என மறுக்கலாம். ஆயினும் அங்கும் உச்சத்தைக் கொணர்வது கார்டின் முடிவன்று; நின்றுபோன கிக்கும் பாஸும் மீண்டும் நுழையும் தருணமே. சுழற்சி அதற்கு முன்னும் பின்னும் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே இவ்விசைக்கு மெட்டமைப்பவர் முதலில் தேட வேண்டியது, நூறு முறை ஒலித்தாலும் சலிக்காத நாலைந்து சுரப் பிடிப்பு. அடுத்து, அதன் நிறம் மாறும் பாதை. கார்டு வரிசை மூன்றாம் இடத்துக்கே உரியது. பாடத்திட்டங்களும் இவ்வரிசையையே பின்பற்ற வேண்டும்.